டைல்ஸுக்கு அடியில் இருக்கிற மூடி

கேள்வி: ஐயா, வணக்கம். மணலி புதுநகரில் அரை கிரவுண்டில் வீடு கட்டிக் குடிவந்து 14 வருடம் ஆகிறது. கீழே நாங்கள் ஐந்து பேர், மாடியில் வாடகைக்கு மூன்று பேர். எங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை இன்னும் வரவில்லை. செப்டிக் டேங்க் 8 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி ஆழம். நடுவில் தடுப்புச் சுவர் உண்டு. பின்பக்கம் 10 உறை இறக்கிய சோக் பிட், அதாவது டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற உறிஞ்சு குழி. ஆரம்பத்தில் தொந்தரவே இல்லை. மூன்று வருடமாக, மழைக்காலம் வந்தால் கீழ் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்குவதில்லை. லாரி வைத்து எடுத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழையபடி ஆகிவிடுகிறது. போன தடவை வந்தவர்கள், "அடியில் சேறு பாறை மாதிரி இறுகிப்போச்சு, ஆளை இறக்கி வெட்டி எடுத்தால்தான் சரியாகும்" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஆசிட் ஊற்றச் சொல்கிறார். என் கணவர் கடையில் விற்கிற பாக்டீரியா பவுடர் போடலாம் என்கிறார். கார் நிறுத்த டைல்ஸ் போட்டதில் டேங்கின் ஒரு மூடி மட்டும்தான் இப்போது வெளியே தெரிகிறது. என்ன செய்வது?

— வாசகி, மணலி புதுநகர்

பதில்:

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். ஆளை மட்டும் இறக்காதீர்கள். பணம் குறைவாகக் கேட்டாலும், அவரே பரவாயில்லை என்று வந்து நின்றாலும், சம்மதிக்காதீர்கள்.

மூடிய டேங்கில் சேறு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. "வாடை போயிடுச்சு, இனி இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் மிக மோசமான நேரம். சேற்றைக் கிளறும்போது அடியில் அடைபட்டிருந்த வாயு குபீரென்று வெளியே வரும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழ, மூன்றாவது ஆளும் போன செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வேலைக்கு வைத்தவர் என்ற முறையில் வீட்டுக்காரரும் அதில் மாட்டுவார். 14420 என்ற கட்டணமில்லா எண் இதற்காகவே இருக்கிறது. லாரி வேண்டும் என்றாலும் அதில் கேட்கலாம், யாராவது ஆளை இறக்கினால் அதையும் அதில் சொல்லலாம்.

சரி, உங்கள் டேங்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடை அதன் கடைசி வரிகளில் இருக்கிறது: ஒரு மூடி மட்டும்தான் தெரிகிறது.

பெரும்பாலான வீடுகளில் "டேங்க் நிறைஞ்சிடுச்சு" என்று லாரியைக் கூப்பிடுகிறார்கள். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். மலம் அடியில் படிந்து சேறாகும், எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் வெளியேறும் குழாய் வழியாகச் சோக் பிட்டுக்குப் போகும். இந்தப் பக்கம் ஒரு வாளி ஊற்றினால் அந்தப் பக்கம் ஒரு வாளி வெளியேறும், அவ்வளவுதான். உங்கள் டேங்கில் நீர் நிற்கும் உயரம் 4 அடி என்று வைத்தால், கொள்ளளவு ஏறக்குறைய 3,600 லிட்டர். எட்டுப் பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 800 லிட்டர். ஐந்தாவது நாளே டேங்க் நிறைந்துவிடும். லாரி எடுத்த பிறகு ஒரு வாரம் நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அந்த ஒரு வாரமும் நீங்கள் காலி டேங்கை நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். நிரம்பியதும் தண்ணீர் போக வழி இல்லாததால் கழிப்பறை நின்றுவிட்டது.

ஆக, அடைப்பு டேங்குக்கு அப்பால் இருக்கிறது. சோக் பிட் தண்ணீரை வாங்க மறுக்கிறது. 11 வருடம் வாங்கிய குழி ஏன் திடீரென்று மறுத்தது?

நடுவில் தடுப்புச் சுவர் உள்ள டேங்கில் கழிப்பறைக் குழாய் வந்து விழுவது முதல் அறை. சேற்றில் பெரும்பகுதி அங்கேதான் படியும். வடிந்த தண்ணீர்தான் இரண்டாவது அறைக்குப் போகும். உங்களுக்குத் தெரிகிற மூடி இரண்டாவது அறையின் மூடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். லாரிக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் அதில் ஹோஸைப் போட்டு உறிஞ்சுகிறார்கள். தண்ணீர்தான் வருகிறது. முதல் அறையில் இருக்கும் சேற்றை 14 வருடமாக யாரும் தொடவில்லை. அது இறுகி, உயர்ந்து, தடுப்பைத் தாண்டி இரண்டாவது அறைக்கு வந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சோக் பிட்டுக்கே போயிருக்கும். மண்ணின் துவாரங்களில் இந்தச் சேறு அப்பிக்கொண்டால் அந்த மண் தண்ணீர் குடிக்காது. அவர்கள் பாறை என்று சொன்னது இந்தப் பழைய சேற்றைத்தான். எல்லாத் தடவையும் பணம் கொடுத்து, எடுக்க வேண்டியதை மட்டும் எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. டைல்ஸ் போட்ட மேஸ்திரி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

எனவே முதல் வேலை அந்த மூடியைக் கண்டுபிடிப்பது. தெரிகிற மூடிக்கும் கழிப்பறைச் சுவருக்கும் இடையே ஒரு கயிறு பிடித்துப் பாருங்கள். கழிப்பறைக் குழாய் டேங்கில் நுழைகிற முனைக்குப் பக்கத்தில்தான் முதல் மூடி இருக்கும். டேங்க் 8 அடி என்பதால், தெரிகிற மூடியிலிருந்து கழிப்பறைப் பக்கமாக ஐந்தாறு அடிக்குள் டைல்ஸை ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். மண் மேல் போட்ட டைல்ஸ் மந்தமாக ஒலிக்கும். டேங்குக்கு மேலே வந்ததும் சத்தம் மாறும். மூடியின் ஓரத்தில் அது இன்னொரு தடவை மாறும். நான்கு டைல்ஸ் போனால் போகட்டும். திரும்பப் போடும்போது அங்கே சட்டம் வைத்த, கார் ஏறினாலும் தாங்குகிற இரும்பு மூடி போட்டுவிடுங்கள்.

மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. மீத்தேன் வாயுவும் உள்ளே இருக்கும். குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டாலும் தலையை உள்ளே நீட்டக் கூடாது. திறந்த வாயை ஒரு நிமிடம்கூடக் காவலின்றி விடக் கூடாது.

அப்புறம் சேற்றை அளக்க வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம். 8 அடி நீள பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்து, அதன் கீழ் 4 அடிக்குப் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டுங்கள். நின்றபடியே, மிதக்கிற ஆடையை ஒதுக்கி, குழாயை மெதுவாக அடி தட்டும் வரை இறக்குங்கள். சேறு இறுகியிருந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். லேசாக அழுத்தினால் இறங்கும். மூன்று நான்கு நிமிடம் அப்படியே பிடித்திருந்து, ஒரு சுற்றுச் சுற்றி நேராக மேலே எடுங்கள். தண்ணீர் நின்ற பகுதியில் துணி வெறும் பழுப்பாக நனைந்திருக்கும். சேறு இருந்த பகுதியில் கருப்புத் துகள் ஒட்டியிருக்கும். அந்தக் கருப்பு எத்தனை அங்குலம் என்று டேப் வைத்துப் பாருங்கள். மேலே மிதக்கிற ஆடையின் கனத்தையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து நீர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது உங்கள் டேங்குக்கு 16 அங்குலத்தை, எட்டினால் சேறு எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். உங்களுக்கு இப்போது 30 அங்குலத்துக்கு மேல் காட்டினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒருவருக்கு ஓர் ஆண்டில் சராசரியாக 40 முதல் 70 லிட்டர் வரை சேறு சேரும் என்று வைத்தால், எட்டுப் பேருக்கு 320 முதல் 560 லிட்டர். உங்கள் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு 1,200 லிட்டர். எனவே ஒழுங்காக எடுத்தால் இரண்டிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும்.

லாரி வரும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு மூடியும் திறந்திருக்க வேண்டும். ஹோஸ் முதலில் முதல் அறைக்குப் போக வேண்டும், அடி வரை. இறுகிய சேற்றுக்கு ஆள் தேவையில்லை, தண்ணீர்தான் தேவை. மேலே நின்றபடியே அழுத்தமாகத் தண்ணீர் பாய்ச்சி, உறிஞ்சியதையே ஒரு தடவை திருப்பி அடித்துக் கலக்கி, நீண்ட மூங்கிலால் கிளறி, பிறகு உறிஞ்சச் சொல்லுங்கள். ஒரே நாளில் வராவிட்டால் தண்ணீர் விட்டு ஊறவைத்து நான்கு நாள் கழித்து இன்னொரு தடவை எடுக்கலாம். இரண்டு லோடு காசு ஆகும், ஆகட்டும். முழுவதும் சுரண்டிக் கழுவ வேண்டாம். அடியில் ஒன்றிரண்டு அங்குலம் விட்டுவைத்தால் அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் புதிதாக வருவதைச் செரிக்கத் தொடங்கும்.

இன்னொன்றும் கேளுங்கள்: லாரி இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறது? உரிமம் உள்ள வண்டியாக இருந்தால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இல்லாத வண்டி இருட்டில் ஏதாவது கால்வாய் ஓரம் நிற்கும். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நம் ஊரைச் சுற்றி ஓடுகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுச் சேறு அவர்கள் கையில் போய்ச் சேரக் கூடாது.

மூடி திறந்திருக்கும்போதே வெளியேறும் குழாயையும் பார்த்துவிடுங்கள். டேங்குக்குள் அது 'டி' வடிவில் இருந்து, அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஓர் அடியாவது மூழ்கியிருக்க வேண்டும். அது உடைந்து விழுந்திருந்தால் மேலே மிதக்கிற எண்ணெய் ஆடை நேராகச் சோக் பிட்டுக்குப் போகும். மேலே நின்றே மாற்றிவிடலாம், சின்ன வேலை.

இனி அந்த 10 உறை. மனதுக்குக் கஷ்டமான விஷயம் இது. மணலி புதுநகரில் நவம்பர் மாதம் நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். தோண்டினால் முழங்கால் ஆழத்தில் ஊறும். அந்த நேரத்தில் 10 அடி ஆழக் குழி சோக் பிட் இல்லை, கிணறு. வெளியிலிருந்து தண்ணீர் அதற்குள் வருமே தவிர, உள்ளிருந்து வெளியே போகாது. தொழிலுக்கு வந்த புதிதில் திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்கு நானே 12 உறை இறக்கிக் கொடுத்தேன். ஆழமாகப் போனால் நல்லது என்று அப்போது நம்பினேன். முதல் மழைக்கே அந்த வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினார். தெருவில் நின்ற தண்ணீர் மட்டமும் குழிக்குள் நின்ற மட்டமும் ஒன்றாக இருந்தன. அன்றிலிருந்து கடலோரப் பகுதியில் ஆழமான குழி போட நான் யாருக்கும் சொன்னதில்லை. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்வதும் இதுதான். நிலத்தடி நீர் 6 அடிக்குள் வருகிற இடத்தில் உறிஞ்சு குழி வேண்டாம். தரைக்கு மேலே மண் மேடு கட்டி அதில் விடலாம், அல்லது ஜல்லி வடிகட்டி வைக்கலாம்.

எல்லா வீட்டிலும் இது முடியாது. அரை கிரவுண்டில் இடம் எங்கே இருக்கிறது? ஆனாலும் உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. டேங்குக்கு அடுத்து ஒரு சிறிய அறை கட்டி, அதில் ஜல்லி நிரப்பி, தண்ணீர் கீழிருந்து மேலாக ஏறி வருகிற மாதிரி வைக்க வேண்டும். அங்கிருந்து சிறிய பம்ப் வைத்து, பின்பக்கச் சுவரோரம் இரண்டடி உயரத்தில் கட்டிய நீண்ட தொட்டிக்கு ஏற்றலாம். அந்தத் தொட்டியில் ஜல்லி, மணல் போட்டுக் கல்வாழை நட்டுவிட்டால் அது நிறையத் தண்ணீர் குடிக்கும். மழை கொட்டுகிற வாரங்களில் இதுவும் திணறத்தான் செய்யும், ஆனால் மூன்று மாதத் தொல்லை சில நாள் தொல்லையாகக் குறையும். குழாயைக் கொண்டுபோய் மழைநீர் வடிகாலில் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது சட்டப்படி குற்றம், அடுத்த தெருப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் நடப்பார்கள்.

அதற்குக் கொத்தனாரைத் தேடும் முன், செலவில்லாத இரண்டு காரியம் செய்யுங்கள். குளியல் தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் டேங்குக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் பிரித்துவிடுங்கள். எட்டுப் பேர் கழிப்பறைக்கு மட்டும் செலவழிக்கிற தண்ணீர் அந்த 800 லிட்டரில் பாதிகூட இராது. மற்றதை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். சமையலறைத் தண்ணீரையும் தனியாக, ஒரு கொழுப்பு பிடிக்கும் சேம்பர் வழியாக அனுப்புங்கள். வாரம் இரண்டு நாள் மீன் கழுவுகிற வீட்டில் செதிலும் எண்ணெயும் சேர்ந்து குழாயில் மெழுகு மாதிரி படியும்.

இரண்டாவது காரியம் மாடி மழைநீர். மாடியிலிருந்து இறங்குகிற குழாய் கழிவுநீர் சேம்பரில் சேர்ந்திருப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். 900 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 8,000 லிட்டருக்கு மேல் வரும். உங்கள் டேங்கைப் போல இரண்டு மடங்கு. மழை வந்ததும் சேம்பரைத் திறந்து பாருங்கள், வேகமாக ஓடினால் அதுதான் திருடன்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். அது சேற்றைச் செரிக்கிற நுண்ணுயிரைக் கொல்லும், சிமெண்ட்டை அரிக்கும். சேற்றில் பட்டால் நான் மேலே சொன்ன அதே விஷ வாயுவைக் கிளப்பும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், பூட்டிய கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. பவுடர் கெடுதல் செய்யாது, நல்லதும் செய்யாது. நம் வயிற்றிலிருந்தே தேவையான பாக்டீரியா தினமும் டேங்குக்குப் போகிறது. இறுகிய மண்ணையும் முடியையும் நாப்கினையும் எந்தப் பவுடரும் கரைக்காது.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015, 2023 டிசம்பர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது டேங்கை முழுவதும் காலி செய்யக் கூடாது. உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் செங்கல் சுவர் உள்ளே சாயும், அடித்தளம் விரிசல் விடும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் படகு மாதிரி மேலே கிளம்பிவிடும். வடிந்து நான்கைந்து நாள் ஆன பிறகு எடுங்கள். மிகவும் அவசரம் என்றால் பாதி மட்டும் எடுங்கள். சேறு எடுக்கச் சரியான காலம் ஆகஸ்ட், செப்டம்பர். லாரியும் உடனே கிடைக்கும், மண்ணும் காய்ந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி, எங்கே இருக்கிறது? குடிநீர் ஆதாரத்துக்கும் கழிவுநீர் ஊறுகிற இடத்துக்கும் நடுவே 18 மீட்டராவது, அதாவது 60 அடி இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. அரை கிரவுண்டில் மனையின் நீளமே அவ்வளவுதான் இருக்கும். அதனால் போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். சம்ப்பின் உட்சுவரில் விரிசல் இருக்கிறதா என்று காலி செய்யும் நாளில் பாருங்கள், அதன் வாயைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்திக் கட்டுங்கள். மழைக்காலத்தில் வீட்டில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் சம்ப் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து ஈ.கோலி சோதனை செய்யுங்கள். காற்றுக் குழாயின் தலையில் கொசுவலை இருக்கிறதா என்பதையும் ஏணி போட்டுப் பார்த்துவிடுங்கள். க்யூலெக்ஸ் கொசுவுக்குச் செப்டிக் டேங்க் தாய்வீடு.

பாதாள சாக்கடை ஒருநாள் உங்கள் தெருவுக்கு வரும். வந்ததும் இணைப்பு வாங்கிவிட்டு, பழைய டேங்கை அப்படியே மூடி வைக்காதீர்கள். சேறு எடுத்து, மேலிருந்தே அடித்தளத்தில் ஓட்டை போட்டு, மணல் நிரப்பிவிடுங்கள். மறந்துபோன டேங்கின் மூடி உடைந்து ஆட்கள் விழுந்திருக்கிறார்கள்.

இந்த வாரம் மூடியை மட்டும் கண்டுபிடியுங்கள். துணி சுற்றிய குழாயில் கருப்பு எத்தனை அங்குலம் ஏறியது, வெளியேறும் குழாயின் 'டி' இருக்கிறதா, மழைநீர் சேம்பரில் சேர்கிறதா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அளந்த தேதியை மூடியின் பக்கத்துச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். கல்வாழைத் தொட்டியின் அளவை அதற்கப்புறம் பார்த்துச் சொல்கிறேன்.